பூச்சியுண்ணும் செடிகள்: வெயிலும் பனியும் தாண்டி வளர்க்க

பூச்சியுண்ணும் செடிகளை வீட்டுக்கு வெளியே, மாடியிலும் முற்றத்திலும் வளர்ப்பது பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

இலைப் பொறி மூடிப் பூச்சி பிடிக்கும் வீனஸ் ஃப்ளைட்ராப் செடி வாங்கி இரண்டு வருஷம் நன்றாக இருந்தது. மூன்றாவது வருஷம் இலை சிறுத்து, பொறிகள் கறுத்துக்கொண்டே வருகின்றன. மழைத் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். எதில் குறை?
வாசகி, வடசேரி

தண்ணீரில் குறை இல்லை. அந்தச் செடிக்குக் குளிர்காலம் கிடைக்கவில்லை. வீனஸ் ஃப்ளைட்ராப்பின் சொந்த ஊர் அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா கடலோரச் சதுப்பு நிலம். அங்கே கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் நீளத்தில் நாலரை மணி நேரம் வித்தியாசம் உண்டு. குளிர்கால இரவுகளில் உறைபனியும் விழும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை செடி இலைகளைக் குறைத்துக்கொண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் உறங்கும். நம் மாவட்டம் பூமத்திய ரேகையிலிருந்து 8 டிகிரிதான் வடக்கே இருக்கிறது. ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் சுமார் ஒரு மணி நேரம்தான் வேறுபாடு. நாகர்கோவிலில் டிசம்பர் இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. 'உறங்கு' என்று செடிக்குச் சொல்ல இங்கே எதுவும் இல்லை. கிழங்கில் சேர்த்து வைத்ததைத் தின்றபடி இரண்டு வருஷம் ஓட்டும், அப்புறம் தேய்ந்துபோகும்.

ஒரே வழி ஃப்ரிட்ஜ். நவம்பர் நடுவிலிருந்தே தட்டில் தண்ணீர் தேங்க விடாமல் மண்ணை ஈரமாக மட்டும் வைத்திருங்கள். டிசம்பர் முதல் வாரம் செடியைத் தோண்டி எடுத்து, ஒட்டியிருக்கும் மண் முழுவதையும் மழைத் தண்ணீரில் அலசுங்கள். கறுத்த இலைகளை அடியோடு கத்தரித்துவிட வேண்டும். பச்சையாக இருப்பதில் சின்ன இலைகள் நாலைந்தை விட்டால் போதும். நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து அதில் முக்கி, கால் மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். தண்ணீரை உறிஞ்சி வைக்கும் ஸ்பேக்னம் பாசியை நனைத்து, சொட்டு விழாதபடி இறுக்கிப் பிழிந்து, வெள்ளைக் கிழங்கையும் வேரையும் அதில் சுற்றி ஜிப் பையில் போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். காய்கறி வைக்கும் கீழ்த்தட்டுதான் சரியான இடம். அங்கே 3 முதல் 6 டிகிரி வரை இருக்கும். பின்சுவரை ஒட்டி வைத்தால் ஐஸ் பிடித்துக் கிழங்கு கூழாகிவிடும்.

15 நாளுக்கு ஒரு தடவை பையைத் திறந்து பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரிப் பூஞ்சை தெரிந்தால் அந்த இலையை வெட்டி, பாசியை மாற்றி, மறுபடி கந்தகத் தண்ணீரில் முக்குங்கள். ஃப்ரிட்ஜுக்குள் செடி சாவது பெரும்பாலும் இதனால்தான், குளிரால் அல்ல. பிப்ரவரி கடைசியில் வெளியே எடுத்துப் புது மண்ணில் நடுங்கள். ஒரு வாரம் வெளிச்சமான நிழல், அடுத்த இரண்டு வாரம் காலை வெயில், அதற்குப் பிறகுதான் முழு வெயில். மூன்று மாதம் இருட்டில் இருந்த செடியை நேராக மாசி வெயிலில் வைத்தால் ஒரே நாளில் கருகிப்போகும். பூத்தண்டு எழும்பினால் இரண்டு அங்குல உயரத்திலேயே வெட்டிவிடுங்கள், மெலிந்த செடிக்குப் பூ பெரும் சுமை.

ஆண்டுதோறும் இவ்வளவும் செய்ய முடியாது என்று தோன்றினால் ஃப்ளைட்ராப் வாங்காமல் இருப்பதே அந்தச் செடிக்குச் செய்யும் நல்லது. குழல் போன்ற இலையில் பூச்சி பிடிக்கும் சராசீனியாவுக்கும் இதே கதைதான். நம் வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் பொருந்திய செடிகள் வேறு இருக்கின்றன, கீழே வருகின்றன.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றலாமா?
வாசகர், குளச்சல்

கூடாது. கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகும். கரைந்த உப்பில் பெரும்பகுதி பாத்திரத்திலேயே தங்கி இன்னும் செறிவாகும். இந்தச் செடிகள் சத்தே இல்லாத சதுப்பில் வாழ்பவை. அதனால்தான் பூச்சியைப் பிடிக்கின்றன. சாதாரணச் செடிக்கு ஊட்டமான உப்பு இவற்றின் வேரைக் கருக்கிவிடும்.

தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். 50க்குக் கீழே காட்டும் தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். 50க்கும் 100க்கும் இடையே என்றால் அவசரத்துக்கு மட்டும், அதுவும் அடுத்த மழையில் மண்ணை நன்றாக அலசிவிட வேண்டும். 100க்கு மேல் வேண்டாம். ஆர்ஓ இயந்திரத்தின் நல்ல தண்ணீர் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் சுவைக்காகத் தாது சேர்க்கும் இயந்திரமா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். பக்கக் குழாயில் வரும் கழிவு நீர் உப்பெல்லாம் திரண்டது, அதை எடுக்கக் கூடாது. ஏசியில் சொட்டும் தண்ணீர் நல்லது, துணியில் வடிகட்டினால் போதும். ஏசியைக் கழுவிய பிறகு ஒரு வாரம் மட்டும் அதைப் பிடிக்காதீர்கள்.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டத்தில் மழைத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர். 2 மீட்டருக்கு 2 மீட்டர் தார்ப்பாயைச் சரிவாகக் கட்டினால் அந்த மழைக்கே 35 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். ஆனால் கடலோர வீடுகளில் வறண்ட மாதங்களில் காற்றோடு வரும் உப்பு கூரையிலும் தார்ப்பாயிலும் படிந்திருக்கும். முதல் மழையின் முதல் அரை மணி நேரத் தண்ணீரை ஓட விட்டுவிட்டு, அப்புறம் மீட்டர் வைத்துப் பார்த்துப் பிடியுங்கள். சேமிக்கப் பிளாஸ்டிக் டிரம்தான் வேண்டும். சிமென்ட் தொட்டியில் வைத்தால் சுண்ணாம்பு ஊறி, நல்ல மழைத் தண்ணீரும் கெட்டுவிடும். வாயைக் கொசுவலையால் கட்ட மறக்காதீர்கள்.

ஈத்தாமொழிப் பக்கம் தென்னைநார்க் கழிவு மலையாகக் கிடக்கிறது. பீட் (சதுப்பில் பாசி மக்கி உண்டாகும் மண்) விலை கட்டுப்படியாகவில்லை. கழிவோடு கடற்கரை மணலைக் கலந்து நடலாமா?
வாசகர், ராஜாக்கமங்கலம்

மணல் வேண்டவே வேண்டாம். கடற்கரை மணலில் உப்போடு சிப்பித் தூளும் இருக்கும். சிப்பி என்றால் சுண்ணாம்பு. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணல் கனிமம் செறிந்தது, அதுவும் இதற்கு ஆகாது. எந்த மணலாக இருந்தாலும் ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் தூக்கிப் போடுங்கள். நீச்சல் குளத்து வடிகட்டிக்கு விற்கும் சிலிக்கா மணல், 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமன், நுரைக்காது.

நார்க் கழிவு கதம்பலிலிருந்து, அதாவது தேங்காய் மட்டையிலிருந்து வருவது. இயல்பாகவே அதில் பொட்டாசியமும் சோடியமும் உண்டு. காயல் தண்ணீரில் ஊறப்போட்ட கதம்பலின் கழிவு என்றால் உப்பு பல மடங்கு. ஊறப்போடாத பச்சைக் கதம்பலின் கழிவைக் கேட்டு வாங்கி, அதைப் போல மூன்று மடங்கு தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துப் பிழியுங்கள். முதல் நாலைந்து தடவைக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும், அது உப்பாக இல்லாவிட்டால். கடைசி மூன்று தடவை மழைத் தண்ணீர். பிழிந்த தண்ணீர் மீட்டரில் 50க்குக் கீழே வரும்வரை ஓயக் கூடாது. இப்படிக் கழுவியது, கீழே வரும் அழுகண்ணிக்கும் குடுவைச் செடிக்கும் ஓரளவு ஒத்துப்போகும். ஃப்ளைட்ராப்புக்கும் சராசீனியாவுக்கும் பீட்தான் நிலையானது, ஏனென்றால் அவற்றுக்குத் தேவையான புளிப்புத் தன்மை நார்க் கழிவில் இல்லை.

பீட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாற்றங்காலுக்கு விற்கும் பீட்டில் சுண்ணாம்பும் உரமும் கலந்திருப்பார்கள். பையில் பிஎச் (புளிப்பு அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல்) 5.5, 6 என்று போட்டிருந்தால் அது கலந்த சரக்கு. 3.5க்கும் 4.5க்கும் இடையே போட்டிருந்தால் சுத்தமானது.

மாடியில் வைத்த செடி பங்குனி, சித்திரையில் வெந்துபோகிறது. தப்பினால் ஆனி ஆடிக் காற்று உலர்த்திவிடுகிறது. இந்த ஊரில் வெளியே வளர்க்கவே முடியாதா?
வாசகர், ஆரல்வாய்மொழி

முடியும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று உங்கள் மாடிக்கும் வரத்தான் செய்யும். ஆனாலும் வெயிலில் சாவது இலை அல்ல, வேர். காற்று 35 டிகிரி இருக்கும்போது சின்னக் கறுப்புத் தொட்டிக்குள் மண் அதைவிடப் பல டிகிரி ஏறிவிடும். அடித்தட்டில் ஒரு அங்குலத் தண்ணீர் இருந்தால் அதுவும் சேர்ந்து சுடும். எனவே தொட்டியைப் பெரிதாக்குங்கள், சுவரைத் தடிப்பாக்குங்கள்.

இதற்கு நம் மாவட்டத்தில் கைக்கெட்டும் பொருள் மீன் வரும் தெர்மாகோல் பெட்டி. குளச்சல், சின்னமுட்டம் துறைமுகத்தில் கேட்டால் கிடைக்கும். சுமார் 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 30 ஆழம் உள்ளதாகப் பாருங்கள். மீன் உப்பு ஊறியிருக்கும், மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி நிரப்பி வைத்து, கடைசித் தண்ணீரை மீட்டரில் பாருங்கள். வெயிலில் தெர்மாகோல் பொடியும் என்பதால் வெளிப்புறத்துக்கு வெள்ளை எமல்ஷன் பூசுங்கள். எனாமல் பெயின்ட்டிலும் தின்னரிலும் தெர்மாகோல் கரைந்துவிடும். சுண்ணாம்பு அடித்தால் மழையில் கரைந்து உள்ளே இறங்கும்.

பெட்டியின் நீளப் பக்கத்தில், மண் மட்டம் வரப்போகும் இடத்திலிருந்து 8 சென்டிமீட்டர் கீழே பென்சில் பருமனில் இரண்டு துளை. அடியில் துளை வேண்டாம். மழை கொட்டினாலும் அதிகத் தண்ணீர் இந்தத் துளை வழியே போய்விடும், வேர்க் கழுத்து மூழ்காது. ஒரு மூலையில் 2 அங்குல பிவிசி குழாயை, கீழ்ப்பகுதியில் துளைகள் போட்டு, நிற்க வைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றவும், ஒரு குச்சியை விட்டு மட்டம் பார்க்கவும் அதுதான் வழி. 30 லிட்டர் பீட், 30 லிட்டர் பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல் துகள்) அல்லது சிலிக்கா மணல் என்று சரிபாதி கலந்து 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். காய்ந்த பீட் தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளும். முந்தின நாளே வெதுவெதுப்பான மழைத் தண்ணீர் விட்டு மாவு பிசைவது போலப் பிசைந்து வைத்தால்தான் ஈரம் பிடிக்கும்.

பெட்டியை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். காலை வெயில் முழுதாகவும், பகல் பதினொன்றிலிருந்து மூன்றரை வரை ஐம்பது சதவீத நிழல்வலை வழியாகவும் வரட்டும். காற்றுக்கு மேற்குப் பக்கம் இரண்டடி உயரத்தில் இதே நிழல்வலையைக் கட்டுங்கள். தகரமோ பலகையோ வைத்தால் காற்று மேலேறித் தாண்டி, பின்னால் சுழன்று விழும். வலை காற்றின் வேகத்தை மட்டும் தணிக்கும். இந்தப் பெட்டியின் பரப்பிலிருந்து நாளுக்கு 5, 6 மில்லிமீட்டர் ஆவியானால் ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் தண்ணீர் செலவாகும். வறண்ட மாதங்களுக்கு 200 லிட்டர் டிரம் ஒன்று போதும்.

நெபந்தஸ் குடுவைச் செடி இலை நன்றாக விடுகிறது. ஆனால் நுனியில் குடுவை மட்டும் வரவில்லை.
வாசகி, மார்த்தாண்டம்

இலை செழிப்பாகக் கரும்பச்சையாக இருக்கிறதா? அப்படியானால் வெளிச்சம் போதவில்லை, அல்லது யாரோ உரம் போட்டிருக்கிறார்கள். மண்ணில் சத்து கிடைத்தால் செடி குடுவைக்காகச் செலவு செய்யாது. இலையில் லேசாகச் சிவப்பு ஏறும் அளவு வெளிச்சம் வேண்டும். கிழக்குப் பார்த்த திண்ணைக்கு வெளியே, காலை பத்து மணி வரை நேர் வெயில் படும் இடத்தில் தொங்க விடுங்கள். இலை நன்றாக இருந்து நுனிக்கொடி மட்டும் காய்ந்து கறுத்தால் காற்றில் ஈரம் குறைவு என்று பொருள். பக்கத்தில் வேறு செடிகளைக் கூட்டமாக வைத்தாலே பாதி சரியாகும். கடையிலிருந்து வந்த புதிதில் பழைய குடுவைகள் காய்வது இயல்பு, புது இலை மூன்று நாலு வந்தபின் பாருங்கள்.

மற்ற பூச்சியுண்ணிகள் போல இதைத் தண்ணீர்த் தட்டில் நிற்க வைத்தால் வேர் அழுகும். நீளநார் ஸ்பேக்னம் பாசி இரண்டு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, கழுவிய கதம்பல் துண்டு ஒரு பங்கு கலந்து, மேலிருந்து ஊற்றினால் கீழே ஓடிவிடும்படி நடுங்கள். வழியில் கொட்டிப்போன குடுவையில் கால்பாகம் மழைத் தண்ணீர் விடலாம், நிரப்பக் கூடாது.

கடலோரச் சமவெளிக்குத் தாழ்நில வகைகள்தான் பொருந்தும்: ஆம்புல்லேரியா, ராஃப்லேசியானா, மிராபிலிஸ். வென்ட்ராட்டா என்ற கலப்பினம் எல்லாவற்றையும் தாங்கும், முதல் செடியாக அதையே சொல்வோம். உயர்மலை வகைகளுக்கு இரவில் 15 டிகிரிக்குக் கீழே குளிர வேண்டும், நம்மிடம் அது கிடையாது. இந்தியாவின் ஒரே சொந்த நெபந்தஸ் மேகாலயத்தின் காசியானா. அழிவின் விளிம்பில் உள்ளதால் உலக வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து பிடுங்கியதை யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

மழைக்குப் பிறகு குளக்கரை மணலில் காசு அளவு சிவப்புச் செடிகள் பசை மினுங்கக் கிடக்கின்றன. அழுகண்ணி என்று சித்த வைத்தியர் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவரலாமா?
வாசகர், குலசேகரம்

தரையோடு ஒட்டிய வட்டத் தட்டு போல இருந்தால் அது டிரோசெரா பர்மானி. நிமிர்ந்து நூல் போன்ற இலையோடு நின்றால் டிரோசெரா இண்டிகா. இரண்டும் நம் நாட்டுச் செடிகள், குளிர்காலமே கேட்காதவை. குமரி மாவட்ட மாடிக்கு இவற்றைவிடப் பொருத்தமான பூச்சியுண்ணி இல்லை. பர்மானியின் ஓர முடிகள் பூச்சி பட்டதும் சில வினாடிகளில் உள்பக்கமாக மடிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் செடியைப் பிடுங்காதீர்கள். வேர் மெல்லியது, தோண்டினாலே அறுந்து இரண்டு நாளில் வாடிவிடும். குளமும் ஒரு செடியை இழக்கும். பூத்து முடிந்து பூத்தண்டு பழுப்பானதும் அதன் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள், மிளகாய்ப் பொடி போல விதை உதிரும். ஒன்றிரண்டு தண்டில் எடுத்தால் போதும், மற்றது அங்கேயே விழட்டும். ஈரமான பீட், மணல் சரிபாதிக் கலவையின் மேல் விதையைத் தூவுங்கள். மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே தண்ணீர் ஊற்றினால் விதை ஒரு மூலைக்குப் போய்விடும், அடித்தட்டில் ஊற்றி உறிஞ்ச விடுங்கள். பர்மானி இரண்டிலிருந்து நாலு வாரத்தில் முளைக்கும். இண்டிகா சில வேளை மாதக்கணக்கில் காக்க வைக்கும். இரண்டுமே இங்கே மழைக்கு முளைத்து, பூத்து, வெயிலில் மடிபவை. செத்துவிட்டதே என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், உதிர்ந்த விதை அதே மண்ணில் மறுபடி முளைக்கும்.

அதே வயலோரத்தில் நீலப் பூவோடு நிற்கும் காக்காப்பூவையும் பாருங்கள். ஓணத்துக்கு அத்தப்பூக்கோலத்தில் வைக்கும் அந்தப் பூவும் பூச்சியுண்ணிதான், யூட்ரிகுலேரியா. அதன் பொறிகள் ஈர மண்ணுக்குள் ஊசிமுனை அளவில் இருக்கின்றன.

மகள் டொராண்டோவில் இருக்கிறாள். தோட்டத்தில் சராசீனியா வைத்திருக்கிறாள். இங்கே வெயில் என்று நான் பயப்படுகிறேன், அங்கே பனியில் அது பிழைக்குமா?
வாசகி, தக்கலை

பிழைக்கும் அம்மா, சரியான வகையாக இருந்தால். சராசீனியா பர்பூரியா கனடாவின் சதுப்புகளில் தானாக வளர்வது, நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தின் மலரும் அதுவே. உறைந்து கட்டியாகி மறுபடி உயிர்க்கும். ஃப்லேவாவும் ஓரளவு தாங்கும். சிட்டாசினா போன்ற தெற்கத்தி வகைகளை வெளியே விட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

அங்கே செடியைக் கொல்வது வெறும் குளிர் அல்ல. வேர் ஐஸுக்குள் இருக்கும்போது மேலே காற்று இலையை உலர்த்துகிறது. உறிஞ்சத் தண்ணீர் இல்லாமல் செடி தாகத்தில் சாகிறது. பகலில் உருகி இரவில் உறைவது மாறி மாறி நடந்தால் கிழங்கையே மண் வெளியே தள்ளிவிடும். தொட்டியாக இருந்தால் நாலு பக்கமும் குளிர் ஏறும் என்பதால் தோட்ட மண்ணுக்குள் விளிம்பு வரை புதைக்க வேண்டும். இன்னும் நல்லது, தரையில் 45 சென்டிமீட்டர் ஆழக் குழி வெட்டிக் குளத்து விரிப்புப் போட்டு பீட், மணல் நிரப்பிய சதுப்பு. நவம்பரில் இரண்டு மூன்று உறைபனி விழுந்தபின் தண்ணீர் மட்டத்தை மேற்பரப்பிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இறக்கி, பைன் ஊசியிலைகளை 15 முதல் 20 சென்டிமீட்டர் தடிப்பில் போட்டு, சணல் சாக்கால் மூடிக் கல் வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தாளை நேரடியாக மூடினால் வெயில் நாளில் உள்ளே வெந்து, பூஞ்சை பிடிக்கும். மேலே விழும் பனியைத் தள்ளக் கூடாது, அது போர்வை. ஏப்ரலுக்கு முன் பிரிக்க வேண்டாம். ஃப்ளைட்ராப் வைத்திருந்தால் அது மட்டும் சூடு போடாத கராஜில், 0க்கும் 5 டிகிரிக்கும் இடையே, மண் காயாமல் இருக்கட்டும்.

கணவர் ராணுவத்தில், ராஜஸ்தானில் இருக்கிறார். குடியிருப்பில் ஃப்ளைட்ராப் வளருமா?
வாசகி, கருங்கல்

குளிர்காலம் அங்கே நம்மைவிட அதற்கு நல்லது, டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளியிலேயே உறங்கிவிடும். மே மாதத்து 45 டிகிரியும் வறட்டுக் காற்றும்தான் பிரச்சினை. மேலே சொன்ன தெர்மாகோல் பெட்டியை வடகிழக்குச் சுவரோரம் வைத்து, பத்து மணிக்கு மேல் நிழல் தரச் சொல்லுங்கள். பெட்டியைச் சுற்றி நனைத்த சாக்கு கட்டினால் அந்த வறட்டுக் காற்றே ஏர்கூலர் போலக் குளிர வைக்கும். அங்குள்ள நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு, ஆர்ஓ தண்ணீர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

இந்தச் செடி வைத்தால் வீட்டில் கொசு ஒழியுமா? கோழிக்கறித் துண்டு கொடுக்கலாமா?
வாசகர், திங்கள்சந்தை

ஒழியாது. வெளியே இருக்கும் செடி எறும்பு, ஈ, சின்ன வண்டுகளைத் தானே பிடித்துக்கொள்ளும், கொசு அதில் மிகக் குறைவு. கறி கொடுக்காதீர்கள், பொறிக்குள் அழுகி இலையையும் சேர்த்து அழுக வைக்கும். ஃப்ளைட்ராப்பின் பொறி மூடிய பிறகும் உள்ளே இரை அசைந்து தொடு முடிகளைத் தொட்டால்தான் செரிமான நீர் சுரக்கும். அசையாத கறித் துண்டை அது ஒன்றும் செய்யாது. விரலை விட்டு விளையாடுவதையும் குழந்தைகளிடம் தடுங்கள், ஒரு பொறி சில தடவைதான் மூடித் திறக்கும், பிறகு காய்ந்துவிடும்.

கொசுவைப் பற்றி உண்மையில் கவலைப்பட வேண்டியது செடிக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தட்டைப் பற்றித்தான். ஐந்து நாளுக்கு ஒரு தடவை தட்டை முழுதாகக் கவிழ்த்து, துடைத்து, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். தெர்மாகோல் பெட்டியில் திறந்த தண்ணீர் இல்லை. பிவிசி குழாயின் வாய்க்கு மட்டும் துணி கட்டினால் போதும்.